பழைய ஸ்விஃப்ட் டீசலுக்கு எந்த ஆயில்? மதுரைக் கடை டப்பாக்கள் பற்றி ஒரு மதிப்பீடு

மதுரையில் ஆயில் கடைக் கவுன்டரில் நின்று "செகண்ட் ஹேண்ட் ஸ்விஃப்ட் டீசல், என்ன ஊத்தலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-50 தாண்ணே, கெட்டியா நிக்கும்" என்பார் ஒருவர். பக்கத்துக் கடைக்காரர் கண்ணாடி அலமாரியில் இருக்கும் விலை கூடின டப்பாவை எடுத்து வைப்பார். வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் குடிக்கிறது என்று இருவருமே கேட்க மாட்டார்கள். இந்த இன்ஜினுக்கு டப்பாவின் பெயரை விட அந்த இரண்டு கேள்விகள்தான் முக்கியம். ஏன் என்று முதலில் சொல்லிவிட்டு டப்பாக்களுக்கு வருகிறோம்.

பேசுவது 1.3 லிட்டர் மல்டிஜெட் பற்றி. ஃபியட் வடிவமைத்த 1248 சிசி டீசல். மாருதியில் டிடிஐஎஸ், டாடாவில் குவாட்ராஜெட் என்று பெயர் மாறும்; உள்ளே சரக்கு ஒன்றுதான். 2007-இல் ஸ்விஃப்டில் வந்தது. பிறகு டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸா, விஸ்டா, மான்ஸா, புன்டோ என்று பல வண்டிகளில் ஏறியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபோது மாருதி டீசலையே நிறுத்திவிட்டது. ஆக, இன்று கைமாறும் வண்டி எதுவானாலும் சில வருடங்கள் ஓடிக் களைத்ததுதான். டி-போர்டில் (வாடகை வண்டியாக) டிராவல்ஸுக்கு ஓடி, பிறகு ஓன் போர்டாக (சொந்த வண்டியாக) மாற்றிய டிசையர்களும் அதில் கலந்தே வரும்.

நல்ல இன்ஜின்தான். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 2 லட்சம் கிலோமீட்டர் அதற்குப் பெரிய விஷயமில்லை. ஆனால் அலட்சியத்தைப் பொறுக்காது. காரணம் இரண்டு. ஒன்று, சேம்பரில் (இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) நிற்கும் ஆயில் ஃபில்டரோடு சேர்த்துச் சுமார் 3.2 லிட்டர்தான். இரண்டு, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டைச் சுற்றுவது டைமிங் செயின். அந்தச் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில் வேலை செய்கிறது. ஆயில் குறைந்தால் டென்ஷனர் தளரும், செயின் ஆடும், ஒரு நாள் பல் தாண்டும். தாண்டினால் பிஸ்டன் வால்வை இடிக்கும். கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் வால்வைத் தள்ளும் ராக்கர்கள் உடைந்து வால்வு தப்பும். இல்லாவிட்டால் ஹெட்டைக் கழட்ட வேண்டியதுதான்.

கணக்கைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் ஆயில் கேஜில் (அளவு பார்க்கும் கம்பி) மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவே இருப்பது ஏறக்குறைய 1 லிட்டர். வண்டி 1,000 கிலோமீட்டருக்கு 200 மில்லி குடிக்கிறது என்று வையுங்கள். பழைய டர்போ டீசலுக்கு இது பெரிய குற்றமில்லை. 5,000-இல் கீழ் கோட்டைத் தொடும். "பத்தாயிரத்துக்கு ஒரு தடவை மாத்தினாப் போதும்ணே" என்று நம்பி ஓட்டினால் 2 லிட்டர் காணாமல் போயிருக்கும். மீதி 1.2 லிட்டரை வைத்துக்கொண்டு வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறும்போது, கொண்டை ஊசி வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும், பம்ப் காற்றை உறிஞ்சும். அந்த நேரத்தில் உள்ளே இருப்பது எவ்வளவு உயர்ந்த சிந்தடிக்காக இருந்தும் பயனில்லை. டாஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கை நம்பி இருக்கவும் முடியாது. அது அளவைக் காட்டுவதில்லை, பிரஷர் போன பிறகு எரிகிறது. ஓடும்போது அது எரிந்தால் ஓரங்கட்டி அந்த இடத்திலேயே ஆஃப் செய்ய வேண்டும். "அடுத்த பங்க் வரைக்கும் போயிடலாம்" என்பதுதான் இன்ஜின் வேலையில் கொண்டுபோய் விடும்.

இனி டப்பாக்கள்.

முதலில் கெட்டி ஆயில், 20டபிள்யூ-50. வேண்டாம். வெளியே 40 டிகிரி வெயில் அடித்தாலும் இன்ஜினுக்குள் ஆயில் வேலை செய்யும் சூடு 100 டிகிரியை ஒட்டித்தான். அதை ஓரளவு சமன் செய்வது தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு), ரேடியேட்டர், ஆயில் கூலர். ஊர் வெயில் கூடினது என்பதற்காக ஆயிலைக் கெட்டியாக்கினால் காலையில் முதல் ஸ்டார்ட்டில் அது டென்ஷனருக்கும் டர்போவுக்கும் போய்ச் சேரத் தாமதமாகும். தேய்மானம் கூடுதலாக நடப்பதும் அந்தச் சில நொடிகளில்தான். சத்தம் குறைந்ததுபோல் தோன்றும். நோய் அப்படியே இருக்கும்.

அடுத்தது லாரி ஆயில்: ஏபிஐ என்ற அமெரிக்க முத்திரையில் சிஐ-4 தரத்தில் வரும் 15டபிள்யூ-40. ஷெல் ரிமுலா ஆர்4 போன்றவை இந்த வகை. இதை விஷம் என்று சொல்ல முடியாது. கரியைத் தாங்கிப் பிடிக்கும் சக்தி நன்றாகவே இருக்கும், விலையும் குறைவு. வாங்கிய புதிதில், உள்ளே என்ன கிடக்கிறது என்று தெரியாத நிலையில், அழுக்கைக் கழுவி எடுக்க ஒரே ஒரு தடவை ஊற்றி 1,500 கிலோமீட்டரில் இறக்க இது போதும். நிரந்தரமாக ஊற்றத்தான் தயக்கம். இவற்றில் பெரும்பாலானவை மினரல் ஆயில். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்ற டர்போவை ஹைவேயில் இருந்து வந்த கையோடு ஆஃப் செய்தால், அங்கே நின்றுபோன மினரல் ஆயில் சீக்கிரம் கருகிப் படியும். போட்டே ஆக வேண்டும் என்றால் 5,000 கிலோமீட்டரைத் தாண்டவிடாதீர்கள்.

மூன்றாவது, கம்பெனி சர்வீஸில் ஊற்றும் 5டபிள்யூ-30. கையேட்டில் அந்த எண் இருந்தால், 1 லட்சத்துக்குள் ஓடிய, ஆயில் குடிக்காத வண்டிக்கு இதை மாற்ற எந்தக் காரணமும் இல்லை. பின்பக்க லேபிளில் ஏசிஇஏ (ஐரோப்பிய கார் கம்பெனிகளின் தர முத்திரை) எழுத்தை மட்டும் பார்த்து வாங்குங்கள். 5டபிள்யூ-30 என்று எழுதிய எல்லாமே டீசலுக்கானவை அல்ல. ஏபிஐ எஸ்பி மட்டும் போட்ட பெட்ரோல் ஆயிலும் அதே எண்ணில், அதே அலமாரியில்தான் நிற்கும்.

1.5 லட்சம் தாண்டிய வண்டிக்கு நாங்கள் கை நீட்டுவது 5டபிள்யூ-40, ஏசிஇஏ ஏ3/பி4, ஃபுல் சிந்தடிக். ஃபியட்டே ஐரோப்பாவில் இந்த இன்ஜினுக்கு 5டபிள்யூ-40 சொன்ன காலம் உண்டு. எதற்கு இந்த எண் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் கவுன்டரில் அதிகம் குழப்புவது இதுதான். முன்னால் இருக்கும் "5டபிள்யூ" மைனஸ் 30 டிகிரிக் குளிரில் சோதித்துக் கொடுக்கும் எண். மதுரையில் அந்தக் குளிர் கனவில்கூட வராது. அப்புறம் எதற்கு 5? அந்த எண்ணை எட்ட நல்ல அடிப்படை எண்ணெய் வேண்டியிருக்கிறது. அந்த எண்ணெய்தான் டர்போ சூட்டில் கருகாமலும் நிற்கிறது. நாம் காசு கொடுப்பது குளிருக்காக அல்ல, சூட்டுக்காக. பின்னால் இருக்கும் 40 என்பது 100 டிகிரியில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் (பிசுபிசுப்பை அளக்கும் அலகு) வரை உள்ள பிசுபிசுப்பு. 30 என்றால் 9.3 முதல் 12.5 வரை. ஏ3/பி4 என்று எழுதியிருந்தால் 150 டிகிரியில் வேகமாக நசுக்கிப் பார்க்கும் சோதனையிலும் 3.5-க்குக் (இதற்கு அலகு வேறு) குறையாமல் படலம் நின்றிருக்கிறது என்று அர்த்தம். ஏசிஇஏ-வின் இன்னொரு வகையான சி2 ஆயிலுக்கு அந்தச் சோதனையில் 2.9 போதும். தேய்ந்த பேரிங்குக்கும் நீண்ட செயினுக்கும் இந்த வித்தியாசம் உதவும்.

இன்னொரு விஷயம் காரத்தன்மை. டீசல் எரியும்போது உண்டாகும் அமிலத்தை ஆயிலில் உள்ள காரம்தான் அடக்குகிறது. ஏ3/பி4-க்கு அந்தக் காரத்தின் அளவைச் சொல்லும் எண் குறைந்தது 10. சி3-க்கு 6 இருந்தால் போதும். சி வகை ஆயில்களில் சாம்பலைக் குறைத்திருப்பது டிபிஎஃப் என்ற புகை வடிகட்டியைக் காப்பாற்ற. நம் ஊரில் ஓடும் பிஎஸ்-3, பிஎஸ்-4 மல்டிஜெட்டில் அந்த வடிகட்டி கிடையாது. இல்லாத உறுப்பைக் காப்பாற்ற, இருக்கும் காரத்தை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? மோட்டூல் 8100 எக்ஸ்-கிளீன் 5டபிள்யூ-40 சி3 வகை, எக்ஸ்-செஸ் 5டபிள்யூ-40 ஏ3/பி4 வகை. டப்பா கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், பெயரை நிதானமாகப் படித்து எக்ஸ்-செஸ்ஸைக் கேளுங்கள். ஷெல் ஹெலிக்ஸ் அல்ட்ரா 5டபிள்யூ-40, டோட்டல் குவார்ட்ஸ் 9000 5டபிள்யூ-40 இரண்டும் ஏ3/பி4-தான். மூன்றில் எது உசத்தி என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை. உங்கள் கடையில் எது புதுச் சரக்காக, ஒழுங்கான பில்லோடு கிடைக்கிறதோ அதை எடுங்கள். விலை கூடின டப்பாவை 10,000 வரை இழுப்பதைவிட நடுத்தர விலை டப்பாவை 6,000-இல் இறக்குவது இந்த இன்ஜினுக்கு நல்லது. 3.5 லிட்டர் டப்பா கிடைத்தால் மிகவும் வசதி: 3.2 உள்ளே போகும், மிச்சம் 300 மில்லி டாப்-அப்புக்கு டிக்கியில் இருக்கும்.

கூடவே விற்கும் "புகை நிறுத்தும்" தேன் போன்ற மருந்தை வாங்காதீர்கள். அது ஆயிலைக் கெட்டியாக்குவதோடு சரி. இன்ஜின் ஃப்ளஷ் திரவமும் பழைய வண்டிக்கு ஆபத்து. பத்து வருடமாகச் சுவரில் ஒட்டியிருந்த கசடு ஒரே நேரத்தில் உரிந்து விழுந்து, சேம்பர் அடியில் பம்ப் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடும். அதற்குப் பதில் வாங்கியதும் ஒரு மாற்று, 1,500-இல் ஒன்று, அதன் பின் 5,000-இல் ஒன்று என்று குறுகிய இடைவெளியில் மாற்றிக்கொண்டே வந்தால் கசடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறும். சேம்பர் அடியில் வேகத்தடை இடித்த சொட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். சொட்டை ஆழமாக இருந்தால் தகடு சல்லடை வரை மேலே வந்திருக்கும். கழட்டித் தட்டி நிமிர்த்தி, சல்லடையையும் கழுவி, லிக்விட் கேஸ்கட் போட்டு மாட்ட வேண்டும். லிக்விட் கேஸ்கட்டை அள்ளிப் பூசினால் உள்பக்கம் பிதுங்கும் துண்டு அதே சல்லடையில்தான் போய் உட்காரும். மெல்லிசாக ஒரே கோடு போதும்.

ஆயிலைக் கெடுக்கும் ஒரு உள்ளூர்ப் பழக்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வண்டி சூடானால் "தெர்மோஸ்டாட்டைத் தூக்கிட்டா கூலா ஓடும்ணே" என்று கழட்டிவிடுவது. தெர்மோஸ்டாட் இல்லாத, அல்லது திறந்தபடியே மாட்டிக்கொண்ட இன்ஜின் அண்ணாநகரில் இருந்து மாட்டுத்தாவணி போய் வரும் தூரத்தில் சூடாகவே செய்யாது. சூடாகாத டீசல் கரி கக்கும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலோடு கலக்கும். ஆயில் தண்ணீராகும், இஜிஆர் (எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விடும் வால்வு) அடைக்கும், மைலேஜ் போகும். கரி கலந்த ஆயில் செயின் பின்களில் அரப்பொடி மாதிரி வேலை செய்யும். செயின் நீளுவது அப்படித்தான். வாங்கிய வண்டியில் டெம்பரேச்சர் காட்டி பாதிக்கு வராமல் கீழேயே நின்றால் ஆயிலுக்கு முன்னால் தெர்மோஸ்டாட்டை மாற்றுங்கள். சூடேறுவதற்குக் காரணம் ரேடியேட்டர் அடைப்பா, ஃபேனா, கூலன்ட் ஒழுக்கா என்று தனியாகத் தேடிப் பிடிக்கலாம்.

மாற்றும் முறையில் தவறு நடக்கும் இடங்களை மட்டும் சொல்கிறோம். வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்துங்கள். ட்ரெயின் போல்ட்டைக் கழட்டி 20 நிமிடமாவது வடியவிட வேண்டும்; தாரையாகக் கொட்டி முடிந்த பிறகும் சொட்டும் கடைசி 200 மில்லிதான் மிக அழுக்கானது. அவசரக் கடைகளில் அதைத்தான் உள்ளேயே விட்டு மூடுகிறார்கள். போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். இந்த இன்ஜினில் ஃபில்டர் தகர டப்பா அல்ல, பிளாஸ்டிக் மூடிக்குள் உட்காரும் பேப்பர் எலிமென்ட். மூடியில் இருக்கும் பழைய ஓ-ரிங்கைக் கழட்டி, ஃபில்டரோடு வரும் புது ஓ-ரிங்கை அதே பள்ளத்தில் ஆயில் தடவிப் போட வேண்டும். பழையதையே விட்டால் சூட்டில் தட்டையாகிப் போன ரப்பர் ஹைவேயில் கசியும். மூடி மேல் எழுதியிருக்கும் டார்க்கில் இறுக்குங்கள். கை பலத்தைக் காட்டினால் பிளாஸ்டிக் வெடிக்கும். முதலில் 2.8 லிட்டர் ஊற்றி, ஆக்சிலேட்டரைத் தொடாமல் அரை நிமிடம் ஐட்லிங்கில் விட்டு ஆஃப் செய்து, ஐந்து நிமிடம் கழித்துக் கேஜ் பார்த்து மீதியை ஊற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்டினால் அதையும் இறக்கிவிட வேண்டும். அதிக ஆயிலைக் கிராங்க் அடித்து நுரையாக்கும். அந்த நுரை பிரீதர் (சேம்பர் காற்றை வெளியே விடும் குழாய்) வழியாக, இன்ஜின் காற்றை இழுக்கும் இன்டேக்குக்குப் போனால் டீசல் இன்ஜின் அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு சாவியை ஆஃப் செய்தாலும் நிற்காமல் அலறும்.

பழைய எலிமென்ட்டைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு வேலை. மேலும் கீழும் உள்ள வளையத்தைக் கத்தியால் அறுத்து, மடிப்புப் பேப்பரை நீளமாக விரித்து, கையால் ஆயிலைப் பிழிந்துவிட்டு, வெயிலில் பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். கறுப்புச் சேறு மட்டும் இருந்தால் கவலையில்லை, அது கரி. மடிப்புக்குள் பித்தளை நிறத்தில் பொடி மின்னினால் பேரிங் தேய்கிறது. வெள்ளியாக மின்னினால் ஒரு காந்தத்தைப் பேப்பருக்கு அடியில் ஓட்டுங்கள். நகர்ந்தால் இரும்பு, செயின் பக்கம் சந்தேகம். நகராவிட்டால் அலுமினியம், பிஸ்டனையோ பம்ப் ஹவுசிங்கையோ பார்க்க வேண்டும். கறுப்பாகக் கண்ணாடி போல் உடையும் துணுக்கு, கருகிய ஆயில். பிரவுன் பிளாஸ்டிக் துண்டு இருந்தால் செயினைத் தாங்கும் கைடு உடைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

ஆயில் கறுப்பாகிவிட்டது என்று மட்டும் பதற வேண்டாம். டீசலில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். கேஜ் முனையில் இருந்து ஒரு சொட்டை டிஷ்யூ பேப்பரில் விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். நடுவில் இருந்து ஓரம் வரை சீராகப் பரவினால் ஆயில் கரியைச் சுமக்கும் நிலையில் இருக்கிறது. நடுவில் தாராகக் கட்டி நின்று, சுற்றி வெறும் எண்ணெய் வளையம் இருந்தால் கிலோமீட்டர் பாக்கி இருந்தாலும் மாற்றிவிடுங்கள். கேஜில் அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருந்தால் மோந்து பாருங்கள், டீசல் வாடை வந்தால் ஆயிலில் டீசல் கலந்திருக்கிறது.

வண்டி வாங்கப் போகும்போது, விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்காதபடி காலையிலேயே போங்கள். பானெட்டைத் தொட்டுப் பார்த்து, குளிர்ந்திருந்தால்தான் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பெல்ட் பக்கத்தில் இரண்டு நொடிக்குச் சங்கிலி குலுங்கும் சத்தம் வந்து அடங்கினால் டென்ஷனர் தளர்ந்திருக்கிறது. அடங்காமல் தொடர்ந்தால் செயின் கிட் முழுசாக மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். செயின், கைடுகள், டென்ஷனர், ஸ்ப்ராக்கெட், கிராங்க் சீல் எல்லாம் சேர்ந்ததுதான் கிட். செயினை மட்டும் மாற்றித் தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் போடுவது பண விரயம். டைமிங் லாக் டூல் வைத்திருக்கும் கடையில் கொடுங்கள். பெயின்ட் மார்க் வைத்து மாட்டுகிறேன் என்பவரிடம் வேண்டாம். பிறகு ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திறந்து, தலைகீழாக வாய் மேல் வையுங்கள். லேசாக ஆடலாம். தூக்கி எறிந்து குபுகுபுவென்று புகை வந்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது தேய்ந்த பிஸ்டன் ரிங் வழியாகப் புகை சேம்பருக்குள் இறங்குகிறது. அதற்கு எந்த ஆயிலும் மருந்தல்ல.

கல்குவாரித் தூசியில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டரை 5,000-க்கு ஒரு முறை கழட்டிப் பாருங்கள். அடைத்த ஃபில்டரைக் காற்றடித்துத் திரும்பத் திரும்பப் போட்டால் பேப்பரில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். அதன் வழி போகும் கல்தூசி ரிங்கைத் தின்னும், அதன் பின்தான் "ஆயில் குடிக்குது" என்ற புகார்.

மலையில் நிறுத்தும்போது கியரில் போடுவதிலும் இந்த இன்ஜினுக்கு ஒரு குணம் உண்டு. மேட்டைப் பார்த்து முதல் கியரில் நிறுத்தி, வண்டி கொஞ்சம் பின்னால் உருண்டால் இன்ஜின் தலைகீழாகச் சுற்றும். பிரஷர் இல்லாத டென்ஷனர் பக்கம் செயின் தளர்ந்து பல் தாண்ட வழி உண்டு. மேட்டைப் பார்த்து நிறுத்தினால் ரிவர்ஸ், பள்ளத்தைப் பார்த்தால் முதல் கியர். எப்படியானாலும் ஹேண்ட் பிரேக்கை முதலில் இழுத்து, டயருக்குக் கல் கொடுத்துவிட்டுக் கியரைப் போடுங்கள்.

கடைசியாகப் போலி டப்பா. மூடியின் கீழ் வளையம் உடையாமல் இருக்க வேண்டும், வாய்க்குள் சீல் தகடு ஓரம் வரை ஒட்டியிருக்க வேண்டும், மூடியிலும் உடம்பிலும் உள்ள பேட்ச் எண், தேதி அழிக்க முடியாத அச்சில் இருக்க வேண்டும். பெரிய கம்பெனிகள் க்யூஆர் கோடு ஒட்டுகின்றன. வாங்கும் முன் கவுன்டரிலேயே போனில் ஸ்கேன் செய்யுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை. எம்ஆர்பியில் பாதிக்குக் கொடுக்கிறேன் என்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் வடிகட்டிய பழைய ஆயில்தான். அந்தப் போலிக்கு டப்பா வருவது பழைய பேப்பர் கடையில் இருந்து. உங்கள் ஆயிலை ஊற்றி முடித்ததும் காலி டப்பாவின் அடியில் ஸ்க்ரூ டிரைவரால் நாலு ஓட்டை போட்டு, லேபிளைக் கிழித்துவிட்டுக் கொடுங்கள். இறக்கிய கறுப்பு ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல், கழிவு ஆயில் சேகரிக்கும் டிரம் வைத்திருக்கும் சர்வீஸ் கடையில் சேர்த்துவிடுங்கள்.